எலக்ட்ரிக் பிரஷ்ஷில் பல் துலக்குவது: முதல் நாளிலிருந்து முழு வழிகாட்டி

எங்கள் வீட்டில் இப்போது நான்கு எலக்ட்ரிக் பிரஷ்கள் ஓடுகின்றன. எனக்கு, மனைவிக்கு, அப்பாவுக்கு, எட்டு வயது மகளுக்கு. பழக்கிவிட்டது நான்தான் என்பதால், மற்ற மூன்று பேரும் எங்கெங்கே தடுமாறினார்கள் என்று பக்கத்தில் நின்று பார்த்தேன். நான் தடுமாறியதும் கிட்டத்தட்ட அதே இடங்களில்தான்.

எல்லாருக்கும் பொதுவான தப்பு ஒன்று உண்டு. பிரஷ் தானாக ஓடிக்கொண்டிருக்கும்போதே கையும் பழக்க தோஷத்தில் முன்னும் பின்னும் இழுத்துத் தேய்க்கும். 'பல் தேய்ப்பது' என்றே சொல்லி வளர்ந்துவிட்டோம், அதுதான் காரணம். கீழே உள்ள படிகளில் பாதி, அந்தத் தேய்க்கும் கையை அடக்குவதைப் பற்றியவை.

1. வாங்கும்போதே பார்க்க வேண்டியவை

கடையில் இரண்டு வகை இருக்கும். ஒன்றில் சின்ன வட்டத் தலை இடமும் வலமுமாகச் சுழன்று திரும்பும். இன்னொன்று சோனிக், சாதாரண பிரஷ் போல நீளத் தலை, அது மிக வேகமாக அதிரும். இரண்டுமே நன்றாக வேலை செய்யும். ஆனால் பிடிக்கும் முறை வேறு என்பதால் உங்களுடையது எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

கூடுதல் காசு கொடுக்கலாம் என்றால் ஒரே ஒரு வசதிக்குக் கொடுங்கள்: அதிகமாக அழுத்தினால் விளக்கு எரிந்தோ வேகம் குறைந்தோ எச்சரிக்கும் பிரஷர் சென்சார். இரண்டு நிமிட டைமர் இப்போது பெரும்பாலான சார்ஜ் பிரஷ்களில் வந்துவிடுகிறது. புளூடூத், செயலி, ஐந்து வகை மோடு எல்லாம் ஒரு மாதத்தில் மறந்துபோகும்.

அப்புறம், அந்த மாடலுக்கு மாற்று ஹெட் (நார்கள் உள்ள, கழற்றி மாற்றும் தலைப்பகுதி) சுலபமாகக் கிடைக்கிறதா, என்ன விலை என்று பாருங்கள். மூன்று மாதத்துக்கு ஒன்று, ஆளுக்கு வருடத்துக்கு நான்கு வேண்டும். பிரஷ்ஷை மலிவாக வாங்கிவிட்டு ஹெட் கிடைக்காமல் மூலையில் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

2. முதலில் டாக்டரைக் கேட்க வேண்டியவர்கள்

பேஸ்மேக்கர் போன்ற கருவி உடம்பில் இருப்பவர்கள் இதய டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். பிரஷ்ஷிலும் சார்ஜரிலும் மின்காந்தப் புலம் இருப்பதால், தயாரிப்பாளர்களே பெட்டியில் வரும் தாளில் இதை எழுதியிருப்பார்கள்.

பல் பிடுங்கியவர்கள், ஈறு அறுவை செய்துகொண்டவர்கள், இம்பிளான்ட் (எலும்பில் பொருத்தும் செயற்கைப் பல்) வைத்து ஆறாமல் இருப்பவர்கள், பல் டாக்டர் சரி என்று சொல்லும்வரை அந்த இடத்தில் பிரஷ்ஷை ஓட்டாதீர்கள். கம்பி கட்டிய பற்களுக்கும், ஆறிய இம்பிளான்ட்டுக்கும், கேப் போட்ட பல்லுக்கும் தடையில்லை. மென்மையான ஹெட்டாக இருக்கட்டும்.

3. சார்ஜரின் அடியைத் திருப்பிப் படியுங்கள்

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த பிரஷ்ஷா? சார்ஜரின் அடியில் பொடி எழுத்தில் இருப்பதைப் படிக்காமல் சுவரில் சொருகாதீர்கள். '100–240 வோல்ட்' என்று இருந்தால் இங்கே போடலாம். '120 வோல்ட்' என்று மட்டும் இருந்தால் நம் 230 வோல்ட்டில் அது தாங்காது. என் மைத்துனர் நியூ ஜெர்சியிலிருந்து கொண்டுவந்ததை நான் ஒரு பின் மாற்றியை வைத்துப் போட்டேன். பத்து நிமிடத்தில் கருகல் வாடை வந்தது. அந்த மாற்றி பின்னின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்டேஜை மாற்றாது. லண்டன், சிங்கப்பூர், துபாயிலிருந்து வருபவற்றுக்கு வோல்டேஜ் பிரச்சினை பெரும்பாலும் இருக்காது. பின் மட்டும்தான் பொருந்தாது.

முதல் முறை முழுதாகச் சார்ஜ் ஏற்றிவிட்டுப் பயன்படுத்துங்கள். சில மாடல்களுக்கு இது ஒரு நாள்கூட ஆகும். பாதி சார்ஜில் ஓட்டி, "இதில் வேகமே இல்லையே" என்று முதல் நாளே சலித்துக்கொள்பவர்கள் உண்டு.

சார்ஜரைக் குளியலறையில் வைக்காதீர்கள். கைப்பிடிக்குள் தண்ணீர் போகாது என்பது உண்மை. ஆனால் சார்ஜரின் வயரும் பிளக்கும் கரண்ட்டோடு நேரடியாக இணைந்தவை. வாளியிலிருந்து மொண்டு ஊற்றும் நம் குளியலறையில் தண்ணீர் எங்கே தெறிக்கும் என்று சொல்ல முடியாது. கீசர் பிளக்கில் ஏதோ ஒரு அடாப்டரை முட்டுக் கொடுத்துச் சொருகுவது அதைவிட மோசம். படுக்கையறையில் வைத்துச் சார்ஜ் ஏற்றுங்கள். லித்தியம் பேட்டரி உள்ள பிரஷ் ஒரு சார்ஜில் சுமார் இரண்டு வாரம் ஓடும் என்பதால் தினமும் ஏற்ற வேண்டிய தேவையும் இல்லை.

4. ஹெட்டும் பேஸ்ட்டும்

ஹெட்டை நேராக இறக்கிப் பொருத்தி, லேசாக இழுத்துப் பாருங்கள். கையோடு வந்துவிட்டால் வாய்க்குள்ளும் கழன்றுவிடும். பாதி விலையில் விற்கும் போலி ஹெட்களில் இந்தத் தளர்வு அடிக்கடி இருக்கும். சோனிக் வகையில் ஹெட்டுக்கும் கைப்பிடிக்கும் நடுவே மெல்லிய இடைவெளி தெரியும். அது அதிர்வதற்காக விட்ட இடம். அது தெரியாமல் அப்பா பலம் கொண்டமட்டும் அழுத்திப் பார்த்தார்.

பேஸ்ட் பட்டாணி அளவு போதும். விளம்பரத்தில் காட்டுவது போல நீளமாகப் பிழிந்தால் நுரை வாயை நிறைத்துவிடும். முப்பது வினாடியில் துப்பத் தோன்றும், டைமர் பாதியில் நிற்கும். சொத்தையைத் தடுக்கும் ஃபுளோரைடு உள்ள பேஸ்ட்டாக, பெரியவர்களுக்கு 1000 பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) அளவிலாவது இருக்கட்டும். டியூபின் பின்பக்கத்தில் எழுதியிருக்கும். மூலிகைப் பேஸ்ட் பலவற்றில் ஃபுளோரைடே கிடையாது.

பல்பொடி, உப்பு, கரித்தூள் இவற்றை இந்தப் பிரஷ்ஷோடு சேர்க்காதீர்கள். விரலால் தேய்த்தாலே எனாமலை அராவும் பொருள்கள். மோட்டாரின் வேகத்தில் வைத்தால் உப்புத்தாள் மாதிரி ஆகிவிடும்.

5. நாக்கும் பல் இடுக்கும் முதலில்

நாம் வழக்கமாகப் பல்லைத் தேய்த்து, நாக்கை வழித்து, வாய் நிறையத் தண்ணீர் விட்டு நான்கைந்து முறை கொப்பளித்து முடிப்போம். இந்த வரிசையை மாற்றச் சொல்கிறேன். நாக்கு வழிப்பது முதலில். பல் இடுக்கில் நூல் அல்லது இடுக்கு பிரஷ் விடுவது அடுத்து. பிறகு கொப்பளித்து எல்லாவற்றையும் துப்பிவிடுங்கள். கடைசியாகத்தான் பிரஷ்.

காரணம் ஃபுளோரைடு. பல் துலக்கி முடித்த பிறகு அது பல்லின் மேல் தங்கினால்தான் பலன். நாக்கை வழித்துக் கொப்பளித்தால் போட்ட பேஸ்ட் அத்தனையும் பேசினுக்குப் போய்விடும்.

எலக்ட்ரிக் பிரஷ் இருந்தால் நூல் வேண்டாம் என்று நினைக்காதீர்கள். இரண்டு பல் ஒட்டி நிற்கும் இடத்துக்குள் எந்தப் பிரஷ்ஷின் நாரும் முழுதாக நுழையாது. நாள் ஒன்றுக்கு ஒரு முறை, இரவில் செய்தால் போதும்.

6. வாய்க்குள் வைத்த பிறகே ஸ்விட்ச்

ஹெட்டை நனையுங்கள், பேஸ்ட் வையுங்கள், பல்லின் மேல் பேஸ்ட்டைத் தொட்டுத் தொட்டு நான்கைந்து இடத்தில் பரப்புங்கள். பிரஷ் பல்லைத் தொட்டுக்கொண்டிருக்கும்போது உதட்டை மூடி, அப்புறம் ஸ்விட்ச்சைப் போடுங்கள். முடிக்கும்போது தலைகீழ்: முதலில் அணைப்பது, பிறகு வெளியே எடுப்பது.

இதை மாற்றிச் செய்தால் என்ன ஆகும் என்பதை எங்கள் வீட்டுக் கண்ணாடி சொல்லும். என் மனைவியின் முதல் நாள் பேஸ்ட் கண்ணாடியிலும், சுவரிலும், பக்கத்தில் நின்ற என் சட்டையிலும் இருந்தது.

பேசினைப் பார்த்துக் குனிந்து நில்லுங்கள். நுரை தானாக வழிந்து விழும். நடுவில் நிறுத்தித் துப்ப வேண்டியதில்லை.

7. கையை நிறுத்துங்கள்

வட்டத் தலை என்றால் ஒரு நேரத்தில் ஒரு பல். பல்லின் மேல் வையுங்கள், அதன் வளைவையொட்டி ஈறின் ஓரம்வரை லேசாகச் சாய்த்துக் கொண்டுபோங்கள், அடுத்த பல்லுக்கு நகருங்கள். சோனிக் என்றால் நார்களின் நுனி ஈறும் பல்லும் சேரும் கோட்டை நோக்கி 45 டிகிரி சாய்ந்திருக்க வேண்டும். நீளத் தலை என்பதால் இரண்டு மூன்று பல்லைத் தொடும். அங்கேயே சில வினாடி நிறுத்தி மெல்ல நகர்த்துங்கள். ஈறின் ஓரத்தில்தான் அழுக்குப் படலம் படிந்து காறையாக இறுகும். பல்லின் நடுவே பளபளவென்று இருப்பதை வைத்துத் திருப்திப்படாதீர்கள்.

அழுத்தம் பற்றி வாயால் சொல்லி யாருக்கும் புரியவைக்க முடியவில்லை. 'லேசாக' என்றால் ஆளுக்கு ஒரு அளவு. கடைசியில் சமையலறைத் தராசை எடுத்து வந்தேன். அணைத்து வைத்த பிரஷ்ஷின் நார்களைத் தராசின் மேல் வைத்து, பல் தேய்ப்பது போல அழுத்தச் சொன்னேன். அப்பா அழுத்தியதில் முள் அரை கிலோவைத் தாண்டியது. வேண்டியது 150 கிராம். 200 தாண்டக் கூடாது. நான்கைந்து முறை அந்த 150-ஐ அழுத்திப் பார்த்தால் கைக்குப் பிடிபட்டுவிடும். 'இவ்வளவுதானா?' என்றுதான் தோன்றும்.

அளவுக்கு மேல் அழுத்தினால் இரண்டு விதத்தில் நஷ்டம். நார்கள் மடங்கிப் படுத்துக்கொள்வதால் நுனி சரியாக வேலை செய்யாது, சுத்தம் குறையும். நாளடைவில் ஈறு கீழிறங்கி வேர்ப்பகுதி தெரிய ஆரம்பிக்கும். அங்கே எனாமல் இல்லாததால் குளிர்ந்த தண்ணீர் பட்டாலே கூசும். இறங்கிய ஈறு தானாக ஏறி வராது.

பிரஷ்ஷைக் கை முழுவதும் மடக்கி, கரண்டியைப் பிடிப்பது போலப் பிடிக்காதீர்கள். பேனாவைப் பிடிப்பது போல விரல் நுனிகளில் பிடித்தால் அழுத்தம் தானாகக் குறையும்.

8. எந்தப் பல் முதலில், எது கடைசியில்

பெரும்பாலான பிரஷ்கள் 30 வினாடிக்கு ஒரு முறை சின்னதாக விக்கி நிற்கும். வாயை நான்காகப் பிரித்துக்கொள்ளச் சொல்லும் அறிவிப்பு அது: மேல் வலது, மேல் இடது, கீழ் இடது, கீழ் வலது. ஒவ்வொரு கால்வாசியிலும் ஏழெட்டுப் பல் இருக்கும். வெளிப்பக்கம், உள்பக்கம், கடிக்கும் மேல்பக்கம் என்று மூன்று முகம். 30 வினாடியை 12, 12, 6 என்று பிரித்துக்கொள்கிறேன். அதாவது ஒரு பல்லின் ஒரு பக்கத்துக்கு ஒன்றரை வினாடி. மெதுவாகத் தெரியும், ஆனால் கணக்குப் போட்டால் அவ்வளவுதான் நேரம் இருக்கிறது. எனக்கு இரண்டு நிமிடம் போதாமல் இன்னும் அரை நிமிடம் ஓட்டுகிறேன்.

எங்கிருந்து தொடங்குவது? நீங்கள் வழக்கமாக அவசரமாகக் கடக்கும் இடத்திலிருந்து. கவனம் முதல் அரை நிமிடம்தான் முழுதாக இருக்கும். பிறகு மனசு ஆபீசுக்கோ அடுப்புக்கோ போய்விடும். பெரும்பாலானவர்கள் முன்பற்களின் வெளிப்பக்கத்தில் தொடங்கி அங்கேயே பாதி நேரத்தைச் செலவழிப்பார்கள். சிரித்தால் தெரியும் இடம், வேறென்ன.

தவறவிடும் இடங்கள் பெரும்பாலும் மூன்று.

கீழ் முன்பற்களின் உள்பக்கம். நாக்கின் அடியில் எச்சில் சுரந்து வரும் துவாரம் இங்கேதான் இருக்கிறது. எச்சிலில் உள்ள தாதுக்கள் படிந்து காறை சீக்கிரம் கட்டும் இடம். பிரஷ்ஷைச் செங்குத்தாக நிமிர்த்தி, ஹெட்டின் நுனியை ஒவ்வொரு பல்லின் உள்பக்கமும் வையுங்கள். படுக்கையாகப் பிடித்தால் அந்த வளைவுக்குள் நுழையாது.

மேல் கடைசிப் பற்களின் கன்னப் பக்கம். இங்கும் ஒரு எச்சில் குழாய் திறக்கிறது. இந்த இடத்துக்காக வாயை 'ஆ' என்று திறந்தால், தாடை எலும்பின் மேல்முனை முன்னே வந்து இடத்தை அடைத்துக்கொள்ளும். மாறாக, வாயைப் பாதி மூடித் தாடையை அந்தப் பக்கமாகவே லேசாக நகர்த்துங்கள். கன்னம் தளர்ந்து ஹெட் உள்ளே போகும். இதை ஒரு பல் டாக்டர் எனக்குக் காட்டியபோது, இத்தனை வருடம் அங்கே பிரஷ்ஷே போனதில்லை என்று புரிந்தது.

கடைசிப் பல்லின் பின்புறம். அதற்குப் பின்னால் பல் இல்லை என்பதால் அங்கே ஒரு முகம் இருப்பதே மறந்துவிடும். ஹெட்டை அதன் பின்னால் கொண்டுபோய் இரண்டு வினாடி வையுங்கள். குமட்டினால் மூக்கால் மூச்சு விடுங்கள். சின்ன வட்டத் தலை இங்கே வசதி.

ஹெட்டின் பிளாஸ்டிக் முதுகு எதிர்ப் பல்லில் மோதினால் 'கடகட' என்று மண்டைக்குள் அதிரும். வாயை இன்னும் கொஞ்சம் திறந்தால் போதும்.

9. துப்புங்கள், கொப்பளிக்காதீர்கள்

அணைத்து வெளியே எடுத்தபின் நுரையை நன்றாகத் துப்பிவிடுங்கள். தண்ணீர் வேண்டாம். வாயில் பேஸ்ட் ருசி இருப்பது முதல் சில நாள் ஒரு மாதிரி இருக்கும். அப்பா இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை. ஒரே ஒரு மடக்குத் தண்ணீர் என்று சமரசம் செய்துகொண்டோம்.

நாள் ஒன்றுக்கு இரண்டு வேளை. ஒரு வேளைதான் முடியும் என்பவர்கள் இரவைத் தேர்ந்தெடுங்கள். தூக்கத்தில் எச்சில் சுரப்பு குறைவதால் பல்லைக் கழுவிக் காக்க வாயில் ஒன்றும் இருக்காது. நாமோ காலையில் பல் தேய்க்காமல் காபி குடித்தால் பாவம் என்போம், இரவில் பால் குடித்துவிட்டு அப்படியே படுத்துவிடுவோம்.

எலுமிச்சை ஜூஸ், சோடா, குளிர்பானம் குடித்தவுடன் பிரஷ்ஷைத் தொடாதீர்கள். புளிப்பில் எனாமல் கொஞ்ச நேரம் இளகியிருக்கும். அரை மணி நேரம் கழியட்டும். வாந்திக்குப் பிறகும் இதேதான். கர்ப்பிணிகளுக்கு மசக்கை நாட்களில் இது முக்கியம்: வெறும் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு, பிரஷ்ஷுக்குக் காத்திருங்கள்.

10. கழுவி நிமிர்த்தி வைப்பது

ஹெட்டைக் குழாயடியில் பிடித்துச் சில வினாடி ஓடவிடுங்கள். நார்களுக்குள் இருக்கும் பேஸ்ட் உதறிப் போகும். அணைத்தபின் ஹெட்டைக் கழற்றுங்கள். ஹெட்டின் உள்பக்கத்தையும் கைப்பிடியின் இரும்புக் கம்பியையும் தனித்தனியாகக் கழுவித் துடையுங்கள்.

கழற்றாமலே ஒரு மாதம் ஓட்டினால் என்ன இருக்கும் என்று பார்த்திருக்கிறேன்: கறுப்பாக வழுவழுவென்று ஒரு கசடு. எச்சிலும் பேஸ்ட்டும் தண்ணீரும் அங்கே இறங்கித் தேங்கி நிற்கும். போர்வெல் உப்புத் தண்ணீர் வரும் வீடுகளில் கம்பியில் வெள்ளையாகப் பொருக்கும் கட்டும். தினமும் துடைத்தால் இரண்டும் வராது.

நிமிர்த்தி, காற்றுபடும்படி வையுங்கள். மூடி போட்டால் ஈரம் உள்ளேயே நிற்கும். கொதிக்கும் தண்ணீரில் போட்டுக் கிருமி நீக்க நினைக்காதீர்கள், நார்கள் வளைந்துவிடும். ஒரே கைப்பிடியை இரண்டு பேர் பயன்படுத்தலாம். ஆனால் ஆளுக்கொரு ஹெட் கட்டாயம். அடியில் நிற வளையம் இல்லாவிட்டால் மார்க்கர் பேனாவால் குறி வையுங்கள்.

11. முதல் இரண்டு வாரம்

கூச்சம், மூக்கு நுனியில் அரிப்பு, உதட்டில் அதிர்வு எல்லாம் வரும். நான்கைந்து நாளில் பழகிவிடும். சில சோனிக் பிரஷ்கள் முதல் பதினான்கு தடவை வேகத்தைத் தாமாகவே படிப்படியாக ஏற்றும். அது பழுது இல்லை.

ஈறில் லேசாக ரத்தம் வரலாம். இதுவரை சுத்தமாகாத ஓரத்தில் ஈறு வீங்கியிருந்தால் தொட்டவுடன் கசியும். பயந்து அந்த இடத்தை விட்டுவிட்டால் வீக்கம் கூடத்தான் செய்யும். மெதுவாக, ஆனால் தவறாமல் அங்கே பிரஷ்ஷை வையுங்கள். இரண்டு வாரம் தாண்டியும் ரத்தம் நிற்காவிட்டாலோ, பல் ஆடினாலோ, குறிப்பிட்ட ஒரு பல்லில் சுரீரென்று வலித்தாலோ, பல் டாக்டரிடம் போங்கள். கட்டிப்போன காறையை எந்தப் பிரஷ்ஷாலும் எடுக்க முடியாது, அவர்தான் எடுக்க வேண்டும்.

12. குழந்தைகளுக்கு

மூன்று வயதுக்குப் பிறகு, குழந்தைகளுக்கென்று வரும் சின்ன ஹெட்டோடு தொடங்கலாம். ஏழெட்டு வயதுவரை பெரியவர்கள்தான் பிடித்து ஓட்ட வேண்டும். சத்தம் வருவதாலேயே குழந்தை சரியாகத் துலக்குகிறது என்று ஆகிவிடாது. என் மகள் ஒரு மாதம் பிரஷ்ஷை ஒரே கன்னத்தில் வைத்து இரண்டு நிமிடம் பாட்டுக் கேட்டாள். டைமர் நின்றதும் 'முடிச்சாச்சு' என்றாள்.

பேஸ்ட் மூன்று வயதுக்குள் அரிசி அளவு, அதன் பிறகு ஆறு வயதுவரை பட்டாணி அளவு. விழுங்காமல் துப்பக் கற்றுக்கொடுங்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி போல நிலத்தடி நீரிலேயே ஃபுளோரைடு கூடுதலாக உள்ள பகுதிகளில் இருந்தால், குழந்தைக்கு எந்தப் பேஸ்ட் என்று பல் டாக்டரைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

13. ஹெட் மாற்றுவதும் ஊருக்குப் போவதும்

மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஹெட்டை மாற்றுங்கள். புதிதைப் போடும் நாளில் செல்போனில் அடுத்த தேதிக்கு நினைவூட்டல் வைத்துவிடுங்கள். ஒரு மாதத்திலேயே நார்கள் பூப்போல விரிந்துவிட்டால், மறுபடி தராசை எடுக்க வேண்டிய நேரம்.

ஊருக்குப் போகும்போது சார்ஜர் வேண்டாம், முழுச் சார்ஜ் போதும். 'டிராவல் லாக்' இருந்தால் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் ஸ்விட்ச் அழுந்தாத இடத்தில் வையுங்கள். விமானத்தில் கைப்பையிலேயே எடுத்துப் போங்கள். ஒரு முறை நெல்லை எக்ஸ்பிரஸ்ஸில் நடு ராத்திரி என் பெட்டிக்குள் பிரஷ் ஓட ஆரம்பித்து, கீழ் பெர்த்காரர் விளக்கைப் போட்டு எழுந்து உட்கார்ந்துவிட்டார்.